மகமைக்குச் சுளிக்காத முகம் ஜிஎஸ்டிக்கு ஏன் சுளிக்கிறது?

கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழமைவாதிகள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும், வரியைக் குறைக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் அரசு கை வைக்கக் கூடாது என்கிறார்கள். அதே ஆட்கள் நாட்டுக்கு உறுதியான தலைவர் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இது முரண்பாடு இல்லையா? நம் மதுரைப் பக்கம் இப்படி நினைப்பவர்கள் உண்டா? உண்டென்றால் எந்தக் கட்சி?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று கட்சிதான் இல்லை. கீழமாசி வீதியிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் மொத்த வியாபாரிகளுக்கு வரிக்கணக்கு பார்ப்பது என் பிழைப்பு. நான் ஆடிட்டர் இல்லை, வரி ஆலோசகர்தான். கடைக்காரர்களுக்கு இரண்டும் ஒன்று, "ஆடிட்டர் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிட்டிஷ் சிந்தனையாளர் பர்க், அமெரிக்க அதிபராக இருந்த ரீகன், பிரிட்டிஷ் பிரதமராக இருந்த தாட்சர் பெயர்களை ஒரு முறைகூடக் கேள்விப்படாத அண்ணாச்சிமார், அந்த மூவரும் சொன்னதில் முக்கால்வாசியைத் தினமும் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு விற்கும் ஒரு மொத்தக்கடையின் பில்லை எடுத்துப் பாருங்கள். சரக்கு விலை, மூட்டைக் கூலி, ஜிஎஸ்டி எல்லாம் போட்டு முடித்த பிறகு அடியில் 'மகமை' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். இந்த வட்டாரத்தில், முக்கியமாக நாடார் வணிகர்களிடம், அது பழைய வழக்கம். விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று உறவின்முறை, அதாவது ஊரில் உள்ள அவர்கள் சாதிச் சங்கம், முடிவு செய்யும். வியாபாரி தானே கணக்கிட்டு எடுத்து வைத்துக் கொண்டுபோய்க் கட்டுவார். விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலா 1889இல் தொடங்கி நடந்தது இப்படிச் சேர்ந்த பணத்தில்தான். போதாததற்கு 'பிடி அரிசி' வேறு: உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள், பள்ளிக்காக அதை வந்து வாங்கிப்போவார்கள். அதிகாரி கிடையாது, நோட்டீஸ் கிடையாது, அபராத வட்டியும் கிடையாது. ஆனாலும் கட்டாமல் இருப்பவர் அரிது.

மகமை கட்டும்போது முகம் சுளித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. அதே மனிதர் 20ஆம் தேதி, 3பி என்ற மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய நாளில், கடையில் இருக்கும் அத்தனை பேர் மீதும் எரிந்து விழுவார். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். மகமைப் பணம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். பள்ளிக் கட்டடத்தில் வெள்ளையடித்திருக்கிறார்களா என்று போகிற வழியில் பார்த்துக்கொள்வார். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது இடித்தால் எழுந்து நின்று கேட்பார். ஜிஎஸ்டியில் அவருக்கு நடப்பது வேறு. சரக்கு வாங்கும்போதே வரியையும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டிருப்பார். விற்றவர் அந்த பில்லைத் தாக்கல் செய்யாமல் போனால், வாங்கியவர் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் 2பி பட்டியலில் அது ஏறாது; தாக்கல் செய்துவிட்டு வரியைக் கட்டாமல் போனாலும் சிக்கல்தான். கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை இவருக்குப் போய்விடும், 18 சதவீத வட்டி கேட்டு நோட்டீஸும் வரலாம். "நான் குடுத்த வரிய எவனோ கட்டாமப் போனதுக்கு எனக்கு நோட்டீஸா சார்?" என்று ஒருவர் கேட்டார். சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

பழமைவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். வரி எவ்வளவு என்பதைவிட, வாங்குகிறவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், அவனை எழுந்து நின்று கேட்க முடியுமா என்பதுதான் அவர்களுடைய அடிப்படைக் கேள்வி. 1790இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய எட்மண்ட் பர்க், குடும்பம், அக்கம்பக்கம், தொழிற்கூட்டம் போன்ற சின்னச் சேர்க்கைகளில்தான் மனிதனுக்குப் பொதுக்காரியப் பற்று முளைக்கிறது என்று வாதாடினார். அரசு, வரி, கல்வி, தலைமை என்று நீங்கள் கேட்ட நான்கையும் இந்த ஒரே கேள்வியோடு படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி எளிதில் தீராது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வரி விஷயத்தில் அவர்கள் வாதம் இரண்டு கால்களில் நிற்கிறது. உழைத்தவன் பணம் உழைத்தவனுக்கு என்பது ஒன்று. வரி ஏறினால் ஆட்கள் சும்மா கட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், நடத்தையை மாற்றிக்கொள்வார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு மதுரையில் எந்த அரிசிக்கடைக்குப் போனாலும் சாட்சி கிடைக்கும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் எடையென்றால் வரி இல்லை. கொஞ்ச நாளில் கடைகளில் 26 கிலோ மூட்டை அடுக்கப்பட்டது. அந்த ஒரு கிலோவை யாரும் கேட்டு வாங்கவில்லை, வரிக்காகப் பிறந்த கிலோ அது. வீட்டில் மூட்டையைத் தூக்கி வைக்கும் அம்மாவுக்குத்தான் இடுப்புவலி. பாக்கெட்டில் வரும் பரோட்டாவுக்கு 18, சப்பாத்திக்கு 5 என்று இருந்த கூத்து வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் வரி இல்லை என்றாகி அந்த வழக்கு முடிந்தது. பரோட்டா ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படி எழுதாமல் விடுவது?

பழைய கதை இன்னும் மோசம். 1973-74இல் இந்தியாவில் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியும் சேர்த்து, 97.75 சதவீதம். அந்த உச்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் 100 ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் கையில் நிற்கும். அப்படி ஒரு சட்டம் இருந்தால் இரண்டு நோட்டுப் புத்தகம் இல்லாமல் யார் கடை நடத்துவார்கள்? ஒன்று ஆபீசருக்கு, ஒன்று தனக்கு. இன்று கறுப்புப் பணம் என்று கத்துகிறோமே, அந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு இந்தக் காலத்து வரிக்கு உண்டு. அடுத்த ஆண்டே உச்ச விகிதத்தை 77க்கு இறக்கினார்கள், பிறகு படிப்படியாகக் குறைந்தது.

அதற்காக வரியைக் குறைத்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று எழுதிவிடாதீர்கள். ரொனால்ட் ரீகன் உச்ச வருமான வரியை 70இலிருந்து 28 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவருடைய எட்டு ஆண்டுகளில் அமெரிக்க அரசின் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. நடுவில் 1982இல் அவரே சில வரிகளை ஏற்றவும் வேண்டியிருந்தது. வரியைக் குறை என்றால் கைதட்டல் விழும். எந்தச் செலவை வெட்டுவது என்றால் கூட்டம் கலைந்துவிடும். இலவசம் ஊரைக் கெடுக்கிறது என்று என்னிடம் சொல்லும் அண்ணாச்சியின் கடையில் வத்தல் காம்பு கிள்ளும் பெண்கள் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில்தான் வந்துபோகிறார்கள். பஸ் காசு மிச்சமானதில் கூலி உயர்வு கேட்பது ஒரு வருஷம் தள்ளிப்போனது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

மதுரைக்கு இதில் இன்னொரு சுவாரசியம் உண்டு. ஜிஎஸ்டி கவுன்சிலுக்குத் தலைமை வகிக்கும் ஒன்றிய நிதியமைச்சராக 2019இல் வந்த நிர்மலா சீதாராமன் பிறந்தது மதுரையில். 2021 முதல் 2023 வரை தமிழக நிதியமைச்சராக அந்தக் கவுன்சிலில் உட்கார்ந்து மாநில உரிமைக்கு வாதாடிய பழனிவேல் தியாகராஜன் மதுரை மத்தி தொகுதியில் ஜெயித்தவர். 2019 ஜூலை 5 பட்ஜெட் உரையில் நிர்மலா, பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன யானைப் பாட்டை எடுத்துச் சொன்னார். அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சின்ன நிலமும் யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலில் இறங்கினால் தின்றதைவிட மிதித்தது அதிகமாகும் என்ற பாட்டு. பழமைவாத வரிக்கொள்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதே பட்ஜெட்டில்தான் 2 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கூடுதல் வரி ஏறியது. இரண்டு மாதம் கழித்து செப்டம்பரில் கம்பெனி வரியை 22 சதவீதத்துக்கு இறக்கினார்கள். யானை ஒரு காலை எடுத்து இன்னொரு காலை வைத்தது.

தூரத்துச் சண்டையில் மாநிலங்களும் இதே வாதத்தைத்தான் பேசுகின்றன. 15ஆவது நிதிக்குழு, பகிரத்தக்க ஒன்றிய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் கூடுதலாக ஒன்றிய அரசு வாங்குவது இந்தப் பகிர்வுக்குள்ளேயே வராது. 'எங்கள் காசு டெல்லிக்குப் போய் எவ்வளவு திரும்புகிறது' என்று கேட்பது இங்கே திராவிடக் கட்சிகள். அமெரிக்காவில் வாஷிங்டனைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்பது பழமைவாதிகள். சமூகநலச் செலவில் இவர்கள் இடதுபக்கம், அதிகாரப் பகிர்வில் அவர்கள் பக்கம். வெளிநாட்டு லேபிளை அப்படியே ஒட்டினால் நம் கட்சி எதன் மீதும் அது நிற்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

நிற்கக்கூடிய கட்சி ஒன்று இருந்தது. 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டதும், அதை எதிர்த்து அதே ஆண்டு ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சி. என்.ஜி.ரங்கா, மினு மசானி உடன் இருந்தார்கள். எந்தத் தொழிலுக்கும் அரசு அனுமதி கேட்கும் ஆட்சிக்கு லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் என்ற வசை ராஜாஜி கொடுத்ததுதான். 1967இல் மக்களவையில் 44 இடம் பிடித்து மிகப்பெரிய எதிர்க்கட்சியானது. தமிழ்நாட்டில் அந்தத் தேர்தலில் அது கைகோத்தது யாரோடு? தி.மு.க.வோடு. காங்கிரஸை இறக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர இருவருக்கும் பொதுவாக என்ன இருந்தது என்று தேடினால், டெல்லியில் குவியும் அதிகாரத்தின் மீதான வெறுப்பும் இந்தித் திணிப்பு எதிர்ப்பும் கிடைக்கும். 1974இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

ராஜாஜியை நேர்கோட்டில் படிக்காதீர்கள். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வருமானம் விழுந்தது. அதை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரியைப் போட்டதும் அவர் அரசுதான். இன்று நான் எழுதும் ஜிஎஸ்டி கணக்குக்குத் தாத்தா அந்த வரி. சின்ன அரசு கேட்ட மனிதரே, குடியை நிறுத்துவதற்கு அரசின் கையை நீட்டிப் புதிய வரியும் போட்டார். ஒழுக்கத்தைக் காக்க அரசு வேண்டும், கடையில் மட்டும் அது நுழையக் கூடாது என்கிற இழுபறி எல்லா நாட்டுப் பழமைவாதத்திலும் உண்டு. இன்றைய நிலையோ தலைகீழ்: 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கடையை மூடு என்று சொல்பவர்களில் எத்தனை பேர் 1939இல் ராஜாஜி செய்ததுபோல் மாற்று வரியையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்விக்கு வருவோம், இங்கேதான் நம் மண்ணில் விஷயம் அதிகம். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஊர்க் கல்விக் குழுவின் கையில், மாநிலப் பணத்தோடு ஊர்ச் சொத்து வரியும் சேர்ந்து நடப்பது. அதனால் 1979இல் சட்டம் போட்டு உருவான ஒன்றியக் கல்வித் துறையை மூடுவேன் என்று ரீகன் சொன்னார், முடியவில்லை. 2025 மார்ச்சில் டிரம்ப் அதே நோக்கத்தோடு உத்தரவில் கையெழுத்திட்டார். இந்தியாவில் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் அதை, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1955இல் எழுதிய யோசனை, அரசு பணத்தை நேராகப் பள்ளிக்குக் கொடுக்காமல் பெற்றோர் பொறுப்பில் விடட்டும், எந்தப் பள்ளி என்பதை அவர்களே தேர்வு செய்யட்டும் என்பது. நம்மிடம் அதற்கு மிக அருகில் இருப்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு. தனியார் பள்ளியில் ஏழைக் குழந்தை படிக்கும், கட்டணத்தை அரசு கட்டும். அதைக் கொண்டுவந்தது காங்கிரஸ் கூட்டணி அரசு என்பதைக் கவனியுங்கள்.

மகமைப் பள்ளிக்குத் திரும்புகிறேன். சத்திரிய வித்தியாசாலாவில் படித்த ஒரு பையன், குடும்பக் கஷ்டத்தில் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டான். அவர்தான் காமராஜர். உறவின்முறை தன் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளியில் எழுத்தறிந்தவர், முதலமைச்சரானதும் உறவின்முறைகளை நம்பி உட்காரவில்லை. அரசுப் பணத்தில் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், மதிய உணவு போட்டார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதிநேரம்தான் பள்ளி. மீதி நேரம் தகப்பன் தொழில். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். பதவிக்கு வந்ததும் 1954இலேயே காமராஜர் அதைக் கைவிட்டார். மகமை கட்ட வியாபாரம் இருந்த சாதிக்குப் பள்ளி கிடைத்தது. வியாபாரமும் நிலமும் இல்லாத சாதிக்கு எந்தப் பிடி அரிசி? பழமைவாதம் நம் ஊரில் முழுதாக வேர்பிடிக்காததற்கு முதன்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் அதிகாரம் நல்லதாகவே இருக்கும் என்பது நம் அனுபவத்தில் பொய். மகமை கட்டிய அதே நாடார்கள் 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் போனதற்காக ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். 1908இல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் நாடார்கள் தோற்றார்கள். மதுரை மீனாட்சி கோயிலில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தபோது, நுழைந்தவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு சென்னை அரசிடமிருந்து வந்தது. அப்போது முதல்வர் யார்? அதே ராஜாஜி! ஊர் வழக்கம் மூடி வைத்திருந்த கதவுக்குத் தூரத்து அரசின் சட்டம்தான் துணை நின்றது.

உடனே அரசு நல்லது, ஊர் கெட்டது என்று முடித்துவிடவும் முடியாது. உசிலம்பட்டிப் பக்கம் போய்க் கேளுங்கள். பிரமலைக் கள்ளர்களை மொத்தமாகக் குற்றப்பரம்பரை என்று பதிந்து கைரேகை வைக்கச் சொன்னது அரசு. மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றது. அதே அரசு, 'சீர்திருத்த' வேண்டும் என்று கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் திறந்தது. துப்பாக்கியோடு வந்த பள்ளி என்றாலும், மூன்று நான்கு தலைமுறை அதில் படித்து மேலே வந்தது. 2023-24 மாநில பட்ஜெட்டில் பல துறைகளின் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அறிவித்தபோது, அந்தப் பக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. 'இது எங்கள் பள்ளி, கலைக்காதே' என்பதுதான் சாரம். நூறு வருஷத்தில் அரசுப் பள்ளியே ஊர்ச் சொத்தாகிவிட்டது. சுத்தமான பழமைவாத உணர்ச்சி இதுதான், ஆனால் காக்கச் சொல்வது ஓர் அரசு நிறுவனத்தை.

கண்மாய்களிலும் இதே சிக்கல். குடிமராமத்து என்ற பழைய வழக்கத்தில், கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர்களே தூர் வாரினார்கள். கண்மாய் பொதுப்பணித் துறைக்குப் போனபின் அந்த உரிமையுணர்வு தேய்ந்தது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரில் மீண்டும் வந்தது, பெரும்பகுதி அரசுப் பணத்தில். நகருக்குள் இருந்த உலகனேரிக் கண்மாயில் உயர்நீதிமன்றக் கிளையே எழும்பி நிற்கிறது. ஆக்கிரமிப்பு வழக்குகளும் அங்கேதான் விசாரணைக்கு வருகின்றன.

இனி தலைமை. நீங்கள் கேட்ட முரண்பாட்டுக்கு அவர்கள் தரும் பதில் இது: அரசு செய்ய வேண்டிய வேலை குறைவு, எல்லைக் காவல், சட்டம் ஒழுங்கு, நாணயத்தின் மதிப்பு, அந்தக் குறைந்த வேலையைத் தயங்காமல் செய்ய உறுதி வேண்டும். ஏட்டில் இது சரியாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், கையில் வந்த உறுதியை அந்த மூன்று வேலையோடு நிறுத்திக்கொண்ட தலைவர் அபூர்வம். சின்ன அரசு பேசிய மார்கரெட் தாட்சர், தனக்கு ஒத்துவராத லண்டன் பெருநகரக் கவுன்சிலை 1986இல் ஒரேயடியாகக் கலைத்தார். உள்ளூர் அதிகாரத்தை வெட்டியது மத்திய அரசு, அதுவும் பழமைவாத அரசு. மனிதரைவிட விதி பெரிது என்ற பழைய கோட்பாட்டுக்கு உண்மையாக இருந்தது சுதந்திரா கட்சிதான். தன் 21 கொள்கைகளுக்கு வெளியே உள்ள எதிலும் உறுப்பினர் தன் மனப்படி வாக்களிக்கலாம் என்று விட்டிருந்தது. அப்படி விட்ட கட்சி பதினைந்து வருஷம்தான் தாங்கியது. தலைவர் பிறந்தநாளுக்கு ஊரையே பேனரில் மூடும் மதுரையில் அது இன்னும் சீக்கிரம் செத்திருக்கும்.

ஆக, முரண்பாடு இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதுங்கள். தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் பர்க், ரீகன், தாட்சர் என்று மூன்று பெயரோடு நிறுத்த வேண்டாம். 1939 விற்பனை வரியையும் ஆலயப் பிரவேசத்தையும் ஒரே பத்தியில் வையுங்கள், இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே முதல்வர். மகமைக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்கும் இன்னொரு பத்தி கொடுங்கள். விருதுநகருக்கு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பள்ளியைப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும்.